ஒரு சாண் தண்ணீர்

மூர்த்தியண்ணன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று கையை நீட்டினார். வாயால் ஒன்றும் கேட்கவில்லை. நான் அப்போதுதான் சோற்றுப் பார்சலை அவிழ்த்து, மீன்துண்டு எந்தப் பக்கம் ஒளிந்திருக்கிறது என்று விரலால் தேடிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமைப் பகல். ஆண்களெல்லாம் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார்கள். பிரதேச சபைக் கட்டடத்தில் மின்விசிறிகள் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தன. காலையில் சாவி வாங்கி, தீயணைப்பு வண்டியைக் கொட்டகைக்குள்ளேயே கொஞ்சம் உறுமவிட்டு, சாவியைத் திருப்பித் தந்துவிட்டுப் போன மனிதர் எதற்காக மறுபடி கை நீட்டுகிறார் என்று நிமிர்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே இருந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் திரும்பினேன். தெற்கே, தென்னந்தலைகளுக்கு அப்பால், ஒரு கறுப்புத் தூண் எழும்பி நின்றது. கச்சான் காற்று அதன் கழுத்தைப் பிடித்துக் கடல் பக்கம் வளைத்துக்கொண்டிருந்தது.

“பூவரசந்துறை, மிஸ்” என்றார். “கொட்டில் இருக்கிற பக்கம்.”

சாவி என் கைப்பையில் இருந்தது. அது அங்கே வந்து சேர்ந்த கதையைச் சொன்னால்தான், நான் ஏன் உடனே எடுத்துக் கொடுக்கவில்லை என்பது விளங்கும்.

கடல் ஏறி ஊரை அள்ளிக்கொண்டு போன அடுத்த வருடம் எங்கள் கரைக்கு வந்த அன்பளிப்புகளுக்குக் கணக்கில்லை. பனி நாட்டுக் கம்பளிச் சட்டை வந்தது. காலாவதியான இருமல் மருந்து வந்தது. சோடி சேராத சப்பாத்து மூட்டை மூட்டையாக வந்தது. அந்த வரிசையில் ஒரு தீயணைப்பு வண்டியும் வந்தது. நல்ல வண்டி. ஏற்கெனவே எங்கேயோ ஓடி இளைத்திருந்தாலும் சிவப்பு மங்கவில்லை. பக்கவாட்டில் எங்களில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்து. மாலை போட்டோம், படம் எடுத்தோம், பிரியாணி தின்றோம். பிறகுதான் தெரிந்தது, வண்டி வந்ததே தவிர அதன் கடுதாசிகள் வரவில்லை என்று. அனுப்பிய நிறுவனம் கடையைப் பூட்டிக்கொண்டு நாட்டைவிட்டுப் போய்விட்டது. வரிவிலக்குக் கடிதத்துக்குத் தவணை முடிந்துவிட்டது. வரி கட்டாத வண்டிக்குப் பதிவில்லை, பதியாத வண்டிக்கு நம்பர் இல்லை, நம்பர் இல்லாத வண்டிக்குக் காப்புறுதி இல்லை. சொத்துப் பட்டியலில் அதை வாகனம் என்று எழுத வழியில்லாமல், இரும்பு அலுமாரிக்கும் கூரை மின்விசிறிக்கும் நடுவில் ‘அன்பளிப்பு உபகரணம்’ என்று எழுதி வைத்திருந்தார்கள். டீசல் குடிக்கிற அலுமாரி.

நான் அந்தச் சபையில் உள்ளகக் கணக்காய்வு உத்தியோகத்தர். அதாவது, எல்லோரும் செலவழித்து முடித்த பிறகு வந்து ஏன் என்று கேட்கிறவள். அந்த வேலைக்காக என்னைக் கொழும்பில் ஒரு குளிரூட்டிய மண்டபத்துக்கு அனுப்பி ‘இடர் முகாமைத்துவம்’ படிப்பித்தார்கள். இடரைத் தவிர்க்கலாம், குறைக்கலாம், பங்கு போடலாம், இல்லையென்றால் ஏற்றுக்கொள்ளலாம் என்று திரையில் பெட்டி பெட்டியாகக் கீறிக் காட்டினார் ஒருவர். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வாப்பா கல்முனை பஸாரில் எண்ணெய்க் கடை வைத்திருந்தவர். மாரி தொடங்குமுன் தன் சீனியில் பாதியைப் பக்கத்துக் கடைக்காரரிடமும் அவருடைய சீனியில் பாதியைத் தன்னிடமும் மாற்றி வைப்பார். எந்தக் கூரை ஒழுகினாலும் இருவருக்கும் பாதிதான் நட்டம். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரியாமலே மௌத்தானார்.

வாப்பாவிடம் இன்னொரு முறையும் இருந்தது. அதற்குப் பெட்டி கீற அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியாது. கொழும்புக்குப் போய்ச் சரக்கு எடுக்கும்போது காசு போதாவிட்டால் ஆள் வைப்பார்கள். சரக்கு லொறியில் ஏறும். கூடப் போனவரில் ஒருவர் மொத்த வியாபாரியின் கடையிலேயே இருப்பார், மிச்சக் காசு வரும்வரை. எழுத்துமில்லை, சாட்சியுமில்லை, அங்கே இருக்கிற ஆள்தான் கடுதாசி. கல்யாணத்துக்கு முந்தி வாப்பாவே அப்படி இருந்திருக்கிறார், கூடப் பிறந்த மூத்த காக்காவே விட்டுவிட்டுப் போய். “நல்லாத்தான் கவனிச்சாங்க புள்ள. தேத்தண்ணி தந்தாங்க. நல்ல தேத்தண்ணி. தொண்டைக்குள்ளதான் இறங்கல்ல” என்பார். அதற்கு மேல் அந்தக் கதையில் அவர் ஒன்றும் சொன்னதில்லை.

நான் செய்தது முதலாவது பெட்டி. தவிர்த்தல். அதற்கும் காரணம் இருந்தது. மாசி மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் பயிற்சி காட்டுவதற்காக மூர்த்தியண்ணன் தாங்கி நிறையத் தண்ணீரோடு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். ஊரின் தெற்கு எல்லையில் இராணுவத்தின் சென்றி, சோதனைத் தடை. எங்கேயோ ஒரு லொறி வெடித்த வாரம் அது. நம்பர் இல்லாத வண்டி, என்ன மொழி என்று தெரியாத எழுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாத தாங்கி. தாங்கியின் மேல்மூடியைத் திறக்கிற சாவி அன்பளிப்போடு வரவில்லை. பக்கக் குழாயால்தான் நிரப்புவோம். அடி வால்வைத் திறந்து கடைசிச் சொட்டுவரை ரோட்டில் ஊற்றச் சொன்னார்கள். அது வடிந்து முடியும்வரை மூர்த்தியண்ணன் கையைத் தலையில் வைத்துத் தாரில் முழந்தாளில் நின்றார். கொதிக்கிற தார். அடுத்த வாரம் முழுவதும் அவர் கதிரையில் உட்காரும்போது காலை நீட்டித்தான் உட்கார்ந்தார். பதிவும் காப்புறுதியும் கிடைக்கும்வரை வண்டி வாசலைத் தாண்டக் கூடாது, சாவி கணக்காய்விடம் இருக்க வேண்டும், மீறி வெளியே விடுகிற உத்தியோகத்தரிடமிருந்து சேதம் முழுவதும் அறவிடப்படும் என்று ஒரு கட்டளை எழுதினேன். செயலாளர் அபுல் ஹஸன் சேர் அதை வாசிக்காமலே ஒப்பமிட்டார். பொறுப்பை இன்னொருவர் பையில் போடுகிற எந்தக் காகிதத்திலும் அவருடைய பேனை தடக்குவதில்லை.

அந்தக் கட்டளையை அப்போது மெச்சியவர் மூர்த்தியண்ணன் ஒருவர்தான். “உசிருக்கு நல்லது, மிஸ்” என்றார். இப்போது அவர்தான் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

“அங்கால வேற சபை, மூர்த்தியண்ணன்.”

“ஓம். அவங்களுக்கிட்ட வண்டி இல்ல.”

“நடுவுல சென்றி.”

“அது எனக்கிட்டச் சொல்லுறீங்களா, மிஸ்?” என்றார். அவருடைய கை கீழே இறங்கவில்லை.

வெள்ளிப் பகல் முறை எப்போதும் அவருக்குத்தான். தீயணைப்புப் பிரிவில் மற்ற எல்லோரும் எங்கள் ஆட்கள், முஸ்லிம்கள்; அவர் மட்டும் தமிழர். ஜும்ஆவுக்கு அவர் காவல், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவர்கள் காவல் என்று ஒருவரும் எழுதி வைக்காத ஓர் ஒழுங்கு. சண்டை உச்சத்தில் இருந்த வருடங்களிலும் அது பிசகவில்லை. அதனால்தான் அந்த நேரத்தில், அத்தனை பெரிய சபையில், ஒரு சாரதியும் சோற்றுக் கையோடு ஒரு கணக்காய்வும் மட்டும் இருந்தோம்.

வாசலில் ஓட்டோ வந்து நின்ற சத்தம். சாரனை மடித்துக் கட்டிய ஒரு மனிதர் படியேறி ஓடிவந்தார். மேலில் சட்டையில்லை, முழங்கால்வரை கடற்கரை மணல், வலது கையில் மயிர் பொசுங்கிச் சுருண்டிருந்தது. என்னைத் தாண்டி உள்ளே பார்த்தார்.

“ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையா?”

“பள்ளிக்குப் பெய்த்தாங்க. என்னெண்டு எனக்கிட்டச் சொல்லுங்க.”

“தங்கத்துரை, பூவரசந்துறை” என்றார், பெயரைப் பதிய வந்தவர் போல. பிறகு மூச்சு வாங்கிச் சொன்னார். சுனாமிக்குப் பிறகு தற்காலிகம் என்று கட்டிக் கொடுத்த தகரக் கொட்டில்களில் இன்னும் அவர்கள்தான் இருக்கிறார்கள். வெக்கை தாங்காமல் தகரத்துக்கு மேலே தென்னோலைக் கிடுகு வேய்ந்திருந்தார்கள். எங்கேயோ ஓர் அடுப்பில் பிடித்திருக்கிறது. முதல் வரிசை போய்விட்டது, இரண்டாவது பிடித்துவிட்டது. ஆட்களை வெளியே எடுத்துவிட்டார்கள். ஆனால் காற்று போகிற திசையில், கடைசி வரிசைக்குப் பின்னால், மீனவர் சங்கத்து மண்ணெண்ணெய்ப் பீப்பாக்கள் அடுக்கியிருக்கின்றன. அதற்குப் பக்கத்தில் வள்ளங்கள். கடல் கொண்டுபோனதற்குப் பிறகு கடன்பட்டு வாங்கிய வள்ளங்கள்.

“பீப்பாவ உருட்டேலாதா?”

“உருட்டுறம் தங்கச்சி. மணலுக்குள்ள புதையுது. கிட்ட நிக்கேலாத வெக்கை.” மூர்த்தியண்ணன் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, “தண்ணி வந்தா மூணாம் வரிசையோட மறிச்சிடலாம். நம்பேலாட்டி, நெருப்பு நூந்த பிறகு எங்களப் பிடிச்சிக் கட்டி வைங்க” என்றார்.

இடது கையால் அபுல் ஹஸன் சேருக்கு அழைத்தேன். போனை அணைத்து வைத்திருந்தார். தவிசாளருக்கு அழைத்தேன். அதுவும் அப்படித்தான். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. ஒருவரை அனுப்பி வெளியே கூப்பிடலாம். கூப்பிட்டால் சேர் முதலில் செருப்பைத் தேடுவார், பிறகு கட்டளையைக் கேட்பார், அது அவருடைய ஒப்பத்தோடுதான் இருக்கிறது என்று தெரிந்ததும் கூட்டம் போடலாம் என்பார். அம்பாறையிலிருந்து வண்டி வரவேண்டுமென்றால் மலைப்பக்கத்துச் சென்றிகள் எல்லாவற்றையும் கடந்து வரவேண்டும். ஜன்னலில் புகைத்தூண் தடித்திருந்தது.

மனதுக்குள் கூட்டிக் கழித்தேன், பழக்கதோஷம். வண்டி போய் யாரையாவது இடித்தால் காப்புறுதி இல்லை. வண்டி எரிந்தால் அதன் விலை என் சம்பளத்தில் கழியும். பென்சன் வந்த பிறகும் கழியும். இவை காசு. காசைப் பற்றிப் பயந்தாலும் எனக்கு அதோடு கதைக்கத் தெரியும். ஆனால் நம்பர் இல்லாத ஒரு தாங்கி வண்டி, சைரன் அடித்துக்கொண்டு, புகையைக் காட்டி, ஒரு சென்றியை நோக்கி வேகமாக வந்தால் அங்கே நிற்கிற பொடியன் என்ன செய்வான் என்பதை எந்தப் பெட்டிக்குள்ளும் போட முடியவில்லை. அந்த இடருக்கு மூர்த்தியண்ணனின் முகம் இருந்தது.

சாவியை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் எடுக்கவில்லை.

“எழுத்துல தாங்க, மிஸ்.”

“நேரம் போகுது.”

“கட்டளைய மீறிப் போய் எனக்கு ஒண்டு நடந்தா அது கடமை இல்லையாம். வீட்டுல மனிசி கனகேஸ்வரிக்கு ஒரு சதம் வராது. நீங்க எழுதின கட்டளைதான், மிஸ். நான் ரெண்டு தரம் வாசிச்சன்.”

அவர் சொன்னது சரி. அந்த வரியை நானே நன்றாக இறுக்கித்தான் எழுதியிருந்தேன். சோற்றுக் கையைப் பேப்பரில் துடைத்துவிட்டு, சபைத் தாளில், உத்தியோகபூர்வ கடமை நிமித்தம் எனது பொறுப்பில் வண்டியை வெளியே விடுகிறேன் என்று எழுதி ஒப்பமிட்டேன். மூலையில் மஞ்சள் குழம்பு பிடித்தது. அவர் அதை வாசித்து, மடித்து, பொலித்தீன் பைக்குள் போட்டு, சட்டைப்பையில் வைத்துப் பொத்தானும் போட்டார். என்னைவிட நல்ல கணக்காய்வாளர்.

“நீங்க வந்த மாதிரியே கடற்கரையால ஓடுங்க” என்றேன் தங்கத்துரையிடம். “ஐடென்டி இருக்கா?”

“அதுதான் எரியுது.”

“அப்ப சென்றிப் பக்கமே வரப்படா. குழாய் பிடிக்க ஆள் சேர்த்து வைங்க.”

அவர் போய்விட்டார். நான் முக்காட்டை இறுக்கிக்கொண்டு கைப்பையோடு வண்டியில் ஏறினேன். மூர்த்தியண்ணன் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி திரும்பிப் பார்த்தார்.

“நீங்க எங்க வாறீங்க?”

“சென்றியில ஆர் கதைக்கிற? உங்கட சிங்களம் ‘மாத்தயா, வத்துர’ எண்டதோட முடிஞ்சிடும்.”

“வத்துர, தண்ணிதானே மிஸ் இருக்கு உள்ளுக்கு” என்றார். ஆனாலும் நான் ஏறியது அவருக்கு ஆறுதல் என்பது கியர் விழுந்த விதத்தில் தெரிந்தது.

பஸார் வீதி வெறுமையாகக் கிடந்தது. கடைகள் பூட்டி, பூனைகள் மட்டும் மீன்கடை மேசைகளின் கீழ். பள்ளியைக் கடக்கும்போது உள்ளே ஆயிரம் முதுகுகள் வரிசை வரிசையாகக் குனிவது ஜன்னலுக்கூடாகத் தெரிந்தது. எங்கள் சைரன் கேட்டு அவற்றில் எது நடுங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும். பிறகு வெளி. வலது பக்கம் அறுத்த வயல், இடது பக்கம் தென்னை, அதற்கு அப்பால் கடல். தென்னைகளுக்கு இடையில் ஓர் ஆள் மணலில் ஓடுவது ஒரு மரம் விட்டு ஒரு மரம் தெரிந்தது.

“சைரன நிப்பாட்டுங்க. மெதுவா போங்க.”

“நெருப்பு...”

“மெதுவா, அண்ணன். கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி.”

மண் நிரப்பிய பீப்பாக்களை இடமும் வலமுமாக வைத்து ரோட்டை வளைத்திருந்தார்கள். முடிவில் தடைக்கட்டை. மணல்மூட்டைக்குப் பின்னால் ஒரு துவக்கின் வாய் எங்கள் கண்ணாடியோடு கூடவே நகர்ந்துவந்தது. வண்டி நின்ற உடனே, யாரும் சொல்லாமலே, மூர்த்தியண்ணன் கதவைத் திறந்து இறங்கி, கையைத் தலையில் வைத்து, தாரைப் பார்த்து முழந்தாள் மடக்கத் தொடங்கினார்.

“நில்லுங்க” என்றேன். “எழும்பி நில்லுங்க. இன்னும் ஒருத்தரும் கேக்கல்ல.”

சார்ஜன் வெளியே வந்தார். நாற்பது தாண்டியவர், வெயிலில் நின்று நின்று நெற்றியில் தொப்பிக்கு மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். நெருப்பை எங்களுக்கு முன்பே பார்த்திருந்தார். அதனால் புகையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் எண்ணெய்க் கடைக்கு அம்பாறையிலிருந்து வருகிறவர்களிடம் பிடித்த சிங்களத்தில், சபை என்ன, நான் யார், வண்டி என்ன என்று மட்டும் சொன்னேன். அவர் நம்பர் தகடு இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார்.

“நம்பர் இல்லாத வண்டி போக முடியாது, நோனா. போவதென்றால் தாங்கியை வெறுமையாக்க வேண்டும்.”

“வெறுந்தாங்கியைக் கொண்டுபோய் நெருப்புக்குக் காட்டவா, மாத்தயா?”

பின்னால் நின்ற பொடியன் சிரித்துவிட்டு, சார்ஜன் திரும்பியதும் நிறுத்திக்கொண்டான். சார்ஜன் வயர்லஸ்ஸை எடுத்து முகாமுக்குக் கூப்பிட்டார். இரைச்சல். மறுபடி கூப்பிட்டார். மேலதிகாரி வெளியே போயிருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். வயர்லஸ்ஸைக் கீழே வைக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் எனக்குத் தெரியும். சற்று முன் இடது கையில் போனை வைத்துக்கொண்டு நான் வைத்திருந்த அதே முகம். தடைக்கட்டையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சாமானைத்தான், பொறுப்பை, விற்க நினைக்கிறோம், வாங்க ஆளில்லை.

அதுவரை அவரை ஒரு சென்றியாகப் பார்த்திருந்தேன். இப்போது எதிர்க்கடைக்காரராகப் பார்த்தேன். அவருடைய பயம் நியாயமானது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு சாமானை அவர் பெயரில் உள்ளே விடச் சொல்கிறேன்.

“மாத்தயா, எங்கள் வாப்பா எண்ணெய் வியாபாரி. பீப்பாவைத் திறக்காமல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற விதம் காட்டட்டுமா?”

வண்டிச் சாவியால் தாங்கியின் பக்கத்தை மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்தேன். மேலே, விளிம்போடு, டங் என்று வெறுமை; அதற்குச் சற்றுக் கீழே தொம் என்று அடைத்துக்கொண்டது. சத்தம் மாறிய இடத்தில் ஒரு செங்கல் துண்டால் கோடு போட்டேன். “இதுதான் தண்ணீர் நிற்கிற மட்டம். அடி வால்வைத் திறப்போம். வருவது தண்ணீர்தானா என்று பாருங்கள். சத்தம் மாறுகிற இந்த மட்டமும் அதோடு இறங்க வேண்டும், வண்டியின் இரண்டு பக்கமும் ஒரே அளவில். உள்ளே வேறு அறை இருந்தால், வேறு சாமான் இருந்தால், சத்தம் அந்த இடத்தில் பொய் சொல்லாது. ஒரு சாண் இறங்கட்டும். போதும்.”

அவர் தானும் ஒருமுறை தட்டிப் பார்த்தார். விரல் மடக்கி, காதை வைத்து. பலாப்பழம் பார்க்கிறவர் போல.

“பாதி” என்றார்.

“பாதியில் அங்கே ஒன்றும் நடக்காது. ஒரு சாண்.”

“மூன்று.”

மூன்று என்றால் மூன்றாம் வரிசை போய்விடும். புகையைத் திரும்பிப் பார்க்கவேண்டும் போலிருந்தது, பார்க்கவில்லை. அவசரம் உள்ளவன் என்று தெரிந்துவிட்டால் விலை அதோடு நின்றுவிடும். வாப்பா என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும், ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். எழும்பி, சாரனை உதறி, செருப்பைப் போட்டுக்கொள்வார்.

“மூர்த்தியண்ணன்” என்றேன் தமிழில், ஆனால் சார்ஜனுக்கும் விளங்குகிற மாதிரிக் கையைக் காட்டி. “வண்டியத் திருப்புங்க. வீட்ட போவம்.”

மூர்த்தியண்ணன் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். அவருக்குப் பஸார்ப் பேரம் பழக்கமில்லை. நான் மெய்யாகவே சொல்வதாக நினைத்தார். தலையிலிருந்து கையை எடுத்து, கிழவனைப் போல நடந்து கதவைப் பிடித்தார். என் காதுக்குள் என் இரத்தம் தட்டுவது கேட்டது, டங், தொம், டங், தொம். நானும் ஏறுபடியில் ஒரு காலை வைத்தேன். இந்தக் காலுக்குப் பிறகு மற்றக் காலையும் வைக்க வேண்டி வந்தால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது.

கடல் பக்கமிருந்து ஏதோ ஒன்று வெடித்தது. பெரிய சத்தமில்லை; ஒரு காஸ் சிலிண்டராக இருக்கலாம். பொடியன் துவக்கை உயர்த்தினான். சார்ஜன் அவனுடைய கையைப் பிடித்து இறக்கினார்.

“இரண்டு” என்றார் அவர்.

காலை இறக்கினேன். “ஒன்று, மாத்தயா. மற்றச் சாணுக்கு நான் இங்கே இருக்கிறேன்.”

“என்ன?”

“வண்டி போகட்டும். அது திரும்பி வரும்வரை நான் உங்கள் சென்றியில் இருக்கிறேன். என் அடையாள அட்டை, சபை அட்டை, போன் எல்லாம் உங்கள் மேசையில் இருக்கட்டும். அந்தத் தாங்கிக்குள் ஏதாவது இருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருப்பேனா?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இது சட்டத்தில் இருக்கிறதா என்று யோசித்திருக்க மாட்டார். எங்களைப் போலவே அவரும் ஏதோ ஒரு ஊரில் யாருக்கோ ஆள் நின்றிருப்பார், அல்லது அவருக்கு யாரோ நின்றிருப்பார்கள். வால்வைக் காட்டித் தலையசைத்தார்.

தண்ணீர் தாரில் விழுந்தபோது எழுந்த சத்தத்தை என்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. சார்ஜன் கையில் ஏந்தி மணந்து பார்த்தார், நாக்கில் வைத்தார், துப்பினார். “உவர்” என்றார். எங்கள் சபைக் கிணற்றை அதுவரை ஒருவரும் இவ்வளவு சரியாகக் கணக்காய்வு செய்ததில்லை. நான் தட்டினேன். மட்டம் இறங்கியது. அவர் மறுபக்கம் போய்த் தட்டினார். அங்கேயும் இறங்கியது. என் சாண் சிறிது என்று தன் சாணை வைத்து அளந்தார். அதை விட்டுக்கொடுத்தேன். வாங்குகிறவனுக்குக் கடைசியில் கொஞ்சம் கொசுறு கொடுக்க வேண்டும்.

“ஏறுங்க அண்ணன். போங்க.”

“நீங்க?”

“நான் இஞ்ச இரிக்கன்.”

அவருக்கு விளங்கியதும், நான் நீட்டிய சாவியை வாங்காமல் கையை இழுத்துக்கொண்டார். “ஏலாது மிஸ். உங்கள இஞ்ச விட்டுட்டு நான் போகமாட்டன். நாளைக்கு உங்கட ஊராக்களுக்கு நான் என்னத்தச் சொல்லுற?”

“நீங்க வந்தா ஒண்டும் சொல்லத் தேவையில்ல. வரக்குள்ள ஆரையும் முட்டிப் போடாதீங்க. எனக்கு இன்னும் கன வருசம் சர்வீஸ் இருக்கு.”

அவர் சிரிக்காமல் சாவியை வாங்கினார். சட்டைப்பைப் பொத்தானை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். தடைக்கட்டை எழும்பியது. வண்டி பீப்பாக்களை வளைத்துப் போய், அந்தப் பக்கத்தில் நேராகி, சைரனைப் போட்டுக்கொண்டு, புளியமரத்துத் திருப்பத்தில் மறைந்தது.

மணல்மூட்டைகளின் நிழலில் ஒரு மரப்பெட்டியைத் துடைத்து வைத்தார்கள். உட்கார்ந்தேன். சார்ஜன் சற்றுத் தள்ளி நின்று, தன்னுடைய ஆட்கள் மாறுகிற நேரத்துக்குள் வண்டி வராவிட்டால் என்னைப் பற்றி மேலே அறிவிக்க வேண்டி வரும் என்றார். குரலில் கடுமை இல்லை. ஒப்பந்தத்தில் விடுபட்ட ஒரு வரியைச் சேர்த்தார், அவ்வளவுதான். சரி என்றேன்.

சைரன் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு நின்றது. போய்ச் சேர்ந்திருக்கலாம். அதற்கு வேறு காரணமும் இருக்கலாம். அப்பால் இன்னொரு சென்றி இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அதை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மேசையில் என் போன் அதிரத் தொடங்கியது. ஜும்ஆ முடிந்துவிட்டது. திரையில் அபுல் ஹஸன் சேர். பொடியன் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். அது அதிர்ந்து, மேசையில் கொஞ்ச தூரம் ஊர்ந்து, நின்று, மறுபடி ஊர்ந்தது. நான் எழும்பவில்லை.

அவன் ஒரு தகரக் கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினான். வாங்கிக்கொண்டேன். பாலில்லாத தேத்தண்ணி, இஞ்சி போட்டது. ஒரு வாய் உறிஞ்சி, அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

“நோனா” என்றார் சார்ஜன். கையை நெற்றிக்கு மேலே வைத்துத் தெற்கே பார்த்துக்கொண்டிருந்தார். “அது வெள்ளையா?”

தூணின் அடியில், தென்னைகளோடு ஒட்டி, ஏதோ ஒன்று வெளிறியிருந்தது. தண்ணீர் பட்ட ஆவியாக இருக்கலாம். மேலே எல்லாம் இன்னும் கறுப்புத்தான். காற்று அதைப் பிய்த்துப் பிய்த்துக் கடலில் போட்டுக்கொண்டிருந்தது. நான் எழும்பி அவர் பக்கத்தில் போய் நின்றேன். இரண்டு பேரும் பார்த்தோம்.

எங்கள் காலடியில், ரோட்டில் ஊற்றிய தண்ணீரில் பெரும் பங்கைத் தார் குடித்து முடித்திருந்தது. பள்ளங்களில் மட்டும் கொஞ்சம் நின்றது, வானத்து நிறத்தில். எங்கிருந்தோ வந்த ஓர் ஆடு தடைக்கட்டைக்குக் கீழால் தலையைக் குனிந்து, ஒருவரிடமும் கேட்காமல் இந்தப் பக்கம் வந்து, அதில் வாயை வைத்தது.